டிரைவர்களுக்கு ஒருநாள் வகுப்பு எடுத்தால் குப்பை லாரி விபத்து குறையுமா?

வாசகர் கேள்வி: ஜூன் 12, மாலை 5.30

வட சென்னையில் ஒரு வாகனப் பிரிவில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறேன். காம்பாக்டர் (குப்பையை அழுத்தி ஏற்றும் பெரிய லாரி), டிப்பர், பேட்டரி வண்டி, ஜீப் எல்லாம் எங்கள் கணக்கில்தான் ஓடுகின்றன. அடிக்கடி இடிப்பு, உரசல் என்று புகார். எல்லா ஓட்டுநர்களுக்கும் ஒருநாள் பாதுகாப்புப் பயிற்சி நடத்தச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. மண்டபம் பேசியாகிவிட்டது, ஸ்லைடுகள் தயார், சான்றிதழும் அச்சடித்துவிட்டோம். ஓட்டுநர்களிடம் விழிப்புணர்வு இல்லாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது என் கருத்து. வகுப்பில் என்னென்ன சேர்க்கலாம்?

ஜூன் 12, இரவு 9.50

முதலில் மண்டபத்தை ரத்து செய்யுங்கள். அந்தக் காசுக்கு உடைந்த பக்கக் கண்ணாடிகளை மாற்றலாம்.

விழிப்புணர்வு இல்லை என்கிறீர்கள். கொடுங்கையூர் குப்பை யார்டில் மழைச் சேற்றில் ரிவர்ஸ் எடுத்து லோடு கொட்டிவிட்டு வருகிறவருக்கு ஆபத்து எது என்று ஸ்லைடில் காட்ட வேண்டியதில்லை. தெரிந்தவர் ஏன் இடிக்கிறார் என்று கேளுங்கள். நான் இதே பக்கம் ஒப்பந்த டிப்பர் ஓட்டி, பிறகு ஷெட்டில் டிரிப் ஷீட் எழுதும் நாற்காலிக்கு வந்தவன். ஸ்டீயரிங் பக்கமும் தெரியும், மேசைப் பக்கமும் தெரியும். மீதி நாளை. இங்கே கரண்ட் போய்ப் போய் வருகிறது.

ஜூன் 13, காலை 6.10

இடிப்புப் பதிவேடு இருக்கும் இல்லையா, அதை எடுங்கள். வண்டி முன்னால் போகும்போது நடந்தது, பின்னால் வரும்போது நடந்தது, இடது பக்கம் உரசியது, வண்டி நின்றிருக்கும்போது யாராவது வந்து மோதியது என்று பிரியுங்கள். யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று ஒரே வரி எழுதி மூடிவிடுகிறோம். நானே அப்படி எழுதியவர்களுக்குப் பேனா எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பிரிட்டனில் வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு, வேலையிட வண்டிகளால் நேரும் சாவுகளில் ஏறக்குறைய கால்வாசி ரிவர்ஸில் நடக்கிறது என்கிறது. ஒரு வண்டி நாள் முழுக்க ஓடுவதில் ரிவர்ஸ் எவ்வளவு தூரம் இருக்கும்? அந்தச் சொற்பத் தூரத்தில் கால்வாசி.

நம் பக்கம் நிலைமை இன்னும் மோசம். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை சந்துகளில் உள்ளே போன லாரி திரும்ப இடமே கிடையாது. போன வழியே பின்னால் வர வேண்டும். இரண்டு பக்கமும் பைக், வாசலில் தண்ணீர் டிரம், படியில் உட்கார்ந்து தலை வாரும் பிள்ளை.

ஜூன் 13, மதியம் 1.40

பதிவேட்டைப் பார்த்துவிட்டு நீங்கள் போட்ட பதிலைப் படித்தேன். பெரும்பாலும் ரிவர்ஸ், அடுத்தது இடது பக்க உரசல். சரி. இப்போது உங்கள் ஸ்லைடுகளைத் திறந்து பாருங்கள். தலைக்கவசம், குடித்துவிட்டு ஓட்டாதே, செல்போன் பேசாதே, சிக்னலை மதி. ரிவர்ஸ் பற்றி எத்தனை ஸ்லைடு?

ஜூன் 13, இரவு 10.20

"இதெல்லாம் சாக்கு, வேகம்தான் காரணம்" என்று மணலிக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். அண்ணே, எண்ணூர் விரைவுச் சாலையில் காலி டிப்பர் பறப்பதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றால் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும். அதற்குள் 11 மீட்டர் போய்விட்டது, பிரேக் இன்னும் பிடிக்கவே இல்லை. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டால் டிரைவர்கள் தூங்காமல் கேட்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். டிப்பருக்கும் டேங்கருக்கும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 60 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. அதன் ஒயரை யார் பிடுங்குகிறார்கள், ஏன் பிடுங்குகிறார்கள் என்பது தனிக் கதை.

ஆனால் சந்துக்குள் நடப்பது நடை வேகத்தில் நடக்கிறது. அங்கே வேகத்தைப் பற்றிப் பாடம் நடத்திப் பயன் இல்லை.

ஜூன் 14, காலை 5.45

ரிவர்ஸ் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வண்டியில் ஹெல்பர் பாடியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போகலாம். பஸ் கண்டக்டர் விசில் கணக்கு மாதிரியேதான். இதில் என்ன குழப்பம் என்கிறீர்களா? ஹெல்பர் தினமும் ஒரே ஆள் இல்லை. லீவுக்குப் பதிலாக வந்த ஒருவர் "தட்டிக்கொண்டே இருந்தால் வந்துகொண்டே இரு" என்று பழகியவர். அவர் நில்லு என்று பதறித் தட்டோ தட்டென்று தட்ட, டிரைவருக்கு அது வா, வா என்று கேட்டது. மின்கம்பத்தோடு போயிற்று. தண்டனை டிரைவருக்கு. அந்த ஹெல்பரும் டிரைவரும் அன்றைக்குத்தான் முதல் தடவை சேர்ந்து வண்டி ஏறினார்கள் என்பதை விசாரணையில் யாரும் கேட்கவே இல்லை.

பயிற்சி என்றால் இதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும், டிரைவரும் ஹெல்பரும் ஜோடியாக. ஹெல்பர் டிரைவர் பக்கக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி, பின் மூலையிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். வண்டிக்கு நேர் பின்னால் நடந்துகொண்டு கை காட்டக் கூடாது. கண்ணாடியில் ஹெல்பர் மறைந்த நொடி வண்டி நிற்க வேண்டும், கேள்வி கிடையாது. "வா" சொல்ல ஒருவருக்கு மட்டும் உரிமை. "நில்" சொல்லத் தெருவில் போகிற யாருக்கும் உரிமை உண்டு. ரேடியோ பாட்டு நிற்க வேண்டும், ஜன்னல் கண்ணாடி இறங்கியிருக்க வேண்டும்.

பின் படியில் ஆள் தொங்கிக்கொண்டே ரிவர்ஸ் எடுப்பதும் நம் ஊரில் சர்வ சாதாரணம். அமெரிக்காவின் குப்பை வண்டித் தரநிலை, படியில் ஆள் இருக்கும்போது ரிவர்ஸ் எடுக்கவே கூடாது என்கிறது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு வண்டிப் படியில் ஆள் ஏற்றிச் செல்வதையே தடுக்கிறது. தடுத்து என்ன, அடுத்த தெருவுக்கு அவர் நடந்து வரும்வரை வண்டி காத்திருந்தால் டிரிப் பிந்துகிறதே.

ஜூன் 14, காலை 8.30

பீப் பீப் அலாரம் இருக்கிறதே என்று கேட்டவருக்கு: இருக்கிறது. அந்தத் தெருக்காரர்கள் காதில் அது விழுவதை நிறுத்தி வருடக்கணக்காகிறது.

ஜூன் 15, இரவு 8.15

குடம் வைத்துப் பார்ப்பது என்று ஒன்று செய்தோம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஷெட்டில் சும்மா இருந்த ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாக ஆரம்பித்தது. நிறுத்திய லாரியைச் சுற்றிப் பிளாஸ்டிக் குடங்களை வைப்பது. பம்பரை ஒட்டி, இடது கதவுக்குக் கீழே, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடிகளைச் சரிசெய்துகொண்டு, எத்தனை குடம் தெரிகிறது என்று சொல்ல வேண்டும்.

வருடக்கணக்காக அதே வண்டியை ஓட்டியவர்களே எண்ணிக்கை தப்பினார்கள். இறங்கிப் பார்த்துவிட்டு யாரும் பேசவில்லை. குடத்தின் உயரம்தான் கீழே விழுந்த ரப்பரை எடுக்கக் குனிந்த குழந்தையின் உயரம். மறுநாள் மேற்பார்வையாளர் ஒருவரை ஏற்றி உட்கார வைத்தோம். "முன்னாடி ஒன்றுமே இல்லையே" என்றார். இரண்டு குடம் இருந்தது, பம்பரைத் தொட்டபடி. அதற்குப் பிறகு கண்ணாடி உடைந்தது என்று எழுதிக் கொடுத்தால் அதே வாரம் மாற்றிக் கொடுத்தார். அதற்கு முன்னால் எழுதிக் கொடுத்த சீட்டுகள் எங்கே போயின என்று அவரிடம் கேட்கவில்லை.

தம்பி, உங்கள் பொறியாளர்களையும் சானிட்டரி இன்ஸ்பெக்டர்களையும் மேஸ்திரிகளையும் ஏற்றி உட்கார வையுங்கள். டிரைவரைவிட அவர்களுக்கு இந்தப் பயிற்சி அவசியம்.

ஜூன் 16, காலை 6.00

பேட்டரி வண்டி ஓட்டும் அக்கா ஒருவர் தனிச் செய்தி அனுப்பியிருந்தார். அனுமதி வாங்கிக்கொண்டு சுருக்கமாகப் போடுகிறேன். அவருக்கு ஒரு மைதானத்தில் ஓட்டக் காட்டினார்கள், சாவியைக் கொடுத்தார்கள், மறுநாள் தெருவில் விட்டார்கள். லோடு மேலே ஏற ஏற வண்டி வளைவில் ஒரு பக்கமாகச் சாய்கிறது, வேகத்தடையில் கை உதறுகிறது, சத்தம் வராததால் முன்னால் நடப்பவர்கள் விலகுவதில்லை, ஹார்ன் அடித்தால் திட்டுகிறார்கள்.

லாரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், இது விட்டுப்போனது. மத்திய விதிகளில் சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மின் வண்டிக்கு இ-கார்ட் என்று தனி வகை இருக்கிறது. வேகம் 25 கிலோமீட்டருக்குள், சுமை 310 கிலோவுக்குள். அதற்கு லைசென்ஸ் வாங்க 10 நாள் பயிற்சி என்று விதியே இருக்கிறது. உங்கள் வண்டிகள் எந்த வகையில் பதிவாகியிருக்கின்றன, ஓட்டுகிறவர்களிடம் அதற்கு என்ன தாள் இருக்கிறது என்று பாருங்கள். ஈரக் குப்பையை விளிம்புக்கு மேல் கோபுரமாக ஏற்றினால் 310 எங்கே நிற்கிறது என்று எடை போட்டும் பாருங்கள். மூன்று சக்கரத்தில் முன்னால் ஒன்றே ஒன்று. சுமை உயரமாக இருக்கும்போது வளைவில் பிரேக்கும் பிடித்தால் கவிழும்.

அவர் கேட்டது ஒன்றுதான்: லோடு ஏற்றி ஓட்டிப் பழக ஒரு நாள் கொடுங்கள். காலி வண்டியில் பழகியது தெருவில் உதவவில்லை.

ஜூன் 16, மதியம் 2.10

லைசென்ஸ் பேச்சு வந்ததால் சொல்கிறேன். "லாரி ஓட்ட தனி பேட்ஜ் வேண்டும், கார் லைசென்ஸ் செல்லாது" என்று ஒருவர் எழுதியதைத் திருத்த வேண்டும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு ரம்பா தேவி வழக்கில் சொன்னது: 7,500 கிலோவுக்குக் கீழே உள்ள போக்குவரத்து வாகனத்தை எல்.எம்.வி. (கார் மாதிரி இலகு வாகன) லைசென்ஸை வைத்தே ஓட்டலாம். ஆகவே சின்ன டிப்பருக்கு அது போதும். பெரிய காம்பாக்டருக்குக் கனரக லைசென்ஸ் வேண்டும்.

சட்டப்படி செல்லும் என்பது வேறு, கை பழகியிருக்கிறது என்பது வேறு. ஆல்ட்டோ ஓட்டியவரைக் கூப்பிட்டு டிப்பரில் ஏற்றினால் லைசென்ஸ் ஒத்துக்கொள்ளும், மின்ட் தெருப் பக்கத்துச் சந்து ஒத்துக்கொள்ளாது.

ஜூன் 17, இரவு 11.30

தூக்கம் வரவில்லை, அதனால் தூக்கத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

இரவு ஷிஃப்ட் டிரைவர்களில் எத்தனை பேர் பகலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நேரடியாகக் கேட்டால் இல்லை என்பார்கள். டீக்கடையில் கேளுங்கள். ஒப்பந்தச் சம்பளத்தில் தண்டையார்பேட்டையில் வீட்டு வாடகையும் பிள்ளை ஃபீஸும் கட்ட முடியாது, ஆகவே ஓட்டுகிறார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கை கண் ஒருங்கிணைப்பு, இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையது அளவுக்கு மந்தமாகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. நம் சட்டத்தில் 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். அதாவது 0.03. குடித்தவரை ஊதச் சொல்லிப் பிடிக்கலாம், தூங்காதவரை எதை ஊதச் சொல்வது?

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. தாளில் 8 மணிதான் வரும், நானும் எழுதியிருக்கிறேன். யார்டு எடைமேடையில் வரிசை, ரயில்வே கேட், மணலி சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் என்று எல்லாம் தின்ற நேரத்தை டிரிப் கணக்கு தள்ளுபடி செய்வதில்லை. தின்ற நேரத்தை எங்கே திரும்பப் பிடிப்பார்? காலியாகத் திரும்பும் வழியில்தான். மணலிக்காரர் பார்த்த வேகம் இங்கிருந்துதான் பிறக்கிறது. ஆகவே அண்ணே, நீங்கள் சொன்னதும் தப்பில்லை.

ஜூன் 18, காலை 6.20

ஒரு நண்பர் கிண்டலாகக் கேட்டார்: ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினால் போதாதா? போதாது. ஆனால் பாருங்கள், வருடத்தில் அந்த ஒரு நாள்தான் டயர், விளக்கு, கண்ணாடி எல்லாவற்றையும் துடைத்து, குனிந்து அடியில் எட்டிப் பார்த்து, ஆணி குத்தியிருக்கிறதா என்று தேடுகிறோம். பூசணிக்காயை உடைத்து அப்படியே நடுரோட்டில் விட்டு அடுத்தவன் பைக்கை வழுக்க விடுவதும் அதே நாளில்தான்.

தினமும் காலை மஸ்டரில் பெயர் கூப்பிடும் நேரத்தில் அந்தச் சுற்று ஒன்று போட ஐந்து நிமிடம் போதும். ஏர் பிரேக் வண்டியில் காற்றழுத்த முள் ஏறும்வரை நிற்க வேண்டும், அதுவே சில நிமிடம் எடுக்கும். அதற்குள் சுற்றிவிடலாம்.

ஜூன் 18, இரவு 9.00

"அப்படியானால் பயிற்சியே வேண்டாம் என்கிறீர்களா?" என்று நீங்கள் கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஆனால் எந்த மாதிரிப் பயிற்சி என்பதில் தகராறு உண்டு.

லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு மறுபடி வகுப்பு எடுப்பதால் விபத்து குறைகிறதா என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் என்ற சர்வதேசக் குழு 24 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தது. குறைகிறது என்பதற்குச் சான்று இல்லை என்றார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் அமெரிக்கச் சோதனைகள், பலவற்றில் தபாலில் அனுப்பிய பாடமும் அடக்கம், ஆகவே இதை வைத்து எல்லாப் பயிற்சியையும் ஒதுக்கிவிட முடியாது. நார்வேயில் வழுக்கும் சாலையில் ஓட்டக் கற்றுக் கொடுத்தபோது இளம் ஆண்களுக்கு வழுக்கு விபத்து கூடியதே தவிரக் குறையவில்லை. எனக்குத் தெரியும் என்ற தைரியம் வந்துவிடுகிறது.

அந்த 24-இல் மிச்சமிருந்த ஒன்று சுவீடன். அங்கே தொலைபேசி நிறுவனத்து டிரைவர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஓட்டும் பயிற்சி, ஒன்றுக்குப் பிரசாரம், ஒன்றுக்கு விபத்தில்லாமல் ஓட்டினால் போனஸ், ஒன்றுக்குத் தங்களுக்குள் உட்கார்ந்து பேசும் கூட்டம், ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. 1996-இல் முடிவு வெளிவந்தது. மற்றதைவிட நன்றாக வேலை செய்தது அந்தப் பேச்சுக் கூட்டம்தான். எங்கே சிக்கல் வருகிறது, நான் என்ன மாற்றிக்கொள்வேன் என்று டிரைவர்களே பேசி அவர்களே முடிவெடுத்தார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு நம் டீக்கடைப் பேச்சுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பேச்சு மஸ்டரில் ஏன் நடப்பதில்லை?

ஜூன் 19, காலை 5.50

மேலே கேட்டதற்கு நானே பதில் சொல்கிறேன். பயம்.

நான் வேலை பார்த்த ஒப்பந்தக்காரர் பம்பர் உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார். என்ன ஆயிற்று? பம்பரை டிரைவர்களே சொந்தக் காசில் மூலக்கடைப் பக்கம் கொண்டுபோய்த் தட்டி, பெயிண்ட் அடித்து, ஒன்றும் நடக்காத மாதிரி நிறுத்தினார்கள். அதே பழக்கத்தில், பிரேக் கொஞ்சம் இழுக்கிறது என்பதையும் சொல்லாமல் விட்டார்கள். சொன்னால் "நீ என்ன செய்தாய்?" என்று முதல் கேள்வி வரும். ஒரு வண்டி யார்டு சரிவில் பின்னால் நகர்ந்து, நல்லவேளை குப்பைக் குவியலில் நின்றது. அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அடுத்த தடவை குவியல் இருக்குமா?

இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் அலட்சியத்தால் சாவு ஏற்படுத்தினால் 5 ஆண்டு வரை தண்டனை. பழைய சட்டத்தில் 2 ஆண்டு. இடித்துவிட்டுச் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு என்ற உட்பிரிவை லாரிக்காரர்கள் போராட்டத்துக்குப் பிறகு நடைமுறைக்குக் கொண்டுவராமல் வைத்திருக்கிறார்கள். சட்டம் சரியா தப்பா என்ற வாதம் வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம். தப்பித்த கதையை யாரும் வாய் திறந்து சொல்லாத இடத்தில் என்ன பயிற்சி கொடுத்தாலும் அது உண்மையான இடத்தைத் தொடாது.

ஆகவே ஒரு நோட்டு. "இன்று இடிக்கப் பார்த்தது" என்று தலைப்பு. பெயர் வேண்டாம், தெரு, நேரம், என்ன நடந்திருக்கும் என்பது மட்டும் போதும். எழுத வராதவர் சொல்ல மேஸ்திரி எழுதட்டும். அந்த நோட்டை வைத்து யாருக்கும் மெமோ தரக் கூடாது. ஒரு தடவை தந்தால் நோட்டு செத்துவிடும்.

ஜூன் 19, இரவு 10.05

வெளிநாட்டுப் பாடம் ஏதாவது பயன்படுமா என்று கேட்டவருக்கு. ஸ்மித் என்பவர் 1952-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஐந்து விதிப் பாடம் ஒன்று உண்டு, அங்கே பல நிறுவனங்களில் இன்னும் நடத்துகிறார்கள். தூரத்தில் பார், சுற்றிலும் பார், கண்ணை ஓட விடு, தப்ப ஒரு வழி விட்டு வை, நீ இருப்பதை மற்றவர் பார்க்கும்படி செய். நல்ல விதிகள். நாலாவதை மட்டும் மின்ட் தெருவில் எப்படிச் செய்வது என்று ஸ்மித் எழுதி வைக்கவில்லை.

நம் பக்கத்திலேயே கும்மிடிப்பூண்டியில் அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனத்துக்கு கனரக ஓட்டுநர் பயிற்சிப் பிரிவு இருக்கிறது. திருவொற்றியூரிலிருந்து போய் வரும் தூரம்தான். மண்டபத்துக்குப் பதில் சிறு சிறு குழுக்களாக அங்கே அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மணலியில் பெட்ரோலியப் பொருள் ஏற்றும் டேங்கர் டிரைவர்களுக்கு அபாயகரமான சரக்குப் பயிற்சியும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லைசென்ஸ் புதுப்பித்தலும் விதியிலேயே கட்டாயம். அதே சாலையில் அந்த டேங்கருக்குப் பக்கத்தில் ஓடும் குப்பை லாரிக்கு அப்படி எதுவும் இல்லை.

ஜூன் 21, காலை 7.30

வண்டியில் கேமரா வைப்பது பற்றி இரண்டு நாளாக யோசித்தேன். முதலில் எனக்கு எரிச்சல்தான். டிரைவர் முகத்தைப் படம் பிடித்து மேசையில் உட்கார்ந்து பார்ப்பதில் என்ன பாதுகாப்பு? ஆனால் இடது பக்கமும் பின்பக்கமும் காட்டும் கேமரா வேறு. குடம் வைத்துப் பார்த்தபோது மறைந்த குடங்களில் பாதிக்கு மேல் அதில் தெரியும். அதற்கு என் எதிர்ப்பு இல்லை. லென்ஸில் குப்பைத் தண்ணீர் தெறித்து மூன்றாம் நாள் மங்கிவிடும், துடைக்கத் துணியும் சேர்த்துக் கொடுங்கள்.

பக்கவாட்டுத் தடுப்பையும் பாருங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் பைக்காரர் விழுந்தால் பின் சக்கரம் ஏறும். அதை மூடத்தான் அந்தத் தடுப்பு. நியூயார்க் நகரம் தன் பெரிய லாரிகளுக்கு இதைக் கட்டாயமாக்கி 2015-இல் சட்டம் போட்டது. இந்தியாவிலும் ஐ.எஸ். 14682 என்ற தரம் இருக்கிறது. எப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) காட்டும் அன்று தடுப்பு இருக்கும். சந்தில் திண்ணை மேல் உரசி வளைந்த பிறகு கழற்றி ஷெட் மூலையில் சாத்தி வைப்பார்கள், உங்கள் ஷெட்டிலும் இருக்கும், போய்ப் பாருங்கள்.

ஜூன் 21, மாலை 4.00

கண். எழுத மறந்துகொண்டே இருக்கிறேன். நாற்பது தாண்டிய டிரைவர்களுக்கு இரவில் எதிர் வண்டி விளக்குக் கூச்சம், சர்க்கரை, புரை என்று எல்லாம் வரிசையாக வரும். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது படிவம் 1-ஏ-வில் டாக்டர் கையெழுத்து வேண்டும், 2019 திருத்தத்துக்குப் பிறகு போக்குவரத்து வாகன லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும், முன்பு 3. அந்தக் கையெழுத்து எந்தக் கடையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஷெட்டிலேயே கண் முகாம் வைத்து அன்றே கண்ணாடியும் கொடுங்கள். "கண் சரியில்லை என்றால் வேலை போய்விடும்" என்ற பேச்சு கிளம்பினால் ஒருவரும் வர மாட்டார்கள். ஆகவே முகாம் அறிவிக்கும்போதே அப்படி இல்லை என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

ஜூன் 22, இரவு 9.15

நீங்கள் மாற்றிப் போட்ட திட்டத்தைப் பார்த்தேன். மண்டபம் இல்லை, ஷெட்டில் சின்னச் சின்னக் குழு, டிரைவர் ஹெல்பர் ஜோடி, பேட்டரி வண்டிக்கு லோடுடன் தனி நாள், மேஸ்திரிகளும் பொறியாளர்களும் கலந்துகொள்வது கட்டாயம், வாராவாரம் மஸ்டரில் நோட்டு படிப்பது. நன்றாக இருக்கிறது. மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறினால் எந்த வழியாக மாற்றிப் போவது, எந்தத் தெருவில் மூடியில்லாத மேன்ஹோல் என்பதைப் புதிதாக வந்தவர்களுக்குப் பழைய டிரைவர்கள்தான் சொல்லித் தர முடியும். அதையும் ஒரு பாடமாக வையுங்கள், நடத்துகிறவருக்கு அதற்குத் தனிக் காசு கொடுங்கள்.

ஒன்று மட்டும் திட்டத்தில் இல்லை. பயிற்சி நாளுக்குச் சம்பளம் யார் தருவது? நிரந்தர ஊழியருக்குப் பிரச்சினை இல்லை. ஒப்பந்த டிரைவருக்கும் ஹெல்பருக்கும் அன்று டிரிப் இல்லையென்றால் பல இடங்களில் காசும் இல்லை. இரவு ஷிஃப்ட் முடித்தவரைக் காலை ஒன்பது மணிக்குப் பயிற்சிக்குக் கூப்பிடுவதும் நடக்கும், அதையும் தடுங்கள். இரண்டையும் ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் வாங்கிய பிறகு தேதியை அறிவியுங்கள்.